குளிர்நீரில் மிதவைத் தடுப்பு: வரைபடம் போடுவதற்கு முன்பிருந்து முதல் பனிக்காலம் தாண்டும் வரை

எங்கள் மிதவைத் தடுப்பு அலையில் உடையவில்லை, புயலிலும் உடையவில்லை. காற்றே இல்லாத ஒரு ஜனவரி இரவில், ஏற்றவற்றத்தின் (கடல்நீர் ஏறி இறங்குவதன்) வற்று நேரத்தில், கரைச்சுவரில் இருந்த செங்குத்துத் தண்டவாளத்தோடு அதன் முனைச் சறுக்கி (நீர்மட்டத்தோடு தண்டவாளத்தில் ஏறி இறங்கும் பகுதி) உறைந்து ஒட்டிக்கொண்டது. விடியும்போது நீர் ஏறியது. நடுப்பகுதி மிதவைகள் நீரோடு மேலே வந்தன, முனை மட்டும் பனிக்கட்டியின் பிடியில் கீழேயே நின்றது. காலையில் நாங்கள் போய்ப் பார்த்தபோது கடைசி இரண்டு மிதவைகள் தண்ணீருக்குள் இருந்தன, ஷேக்கிள் (சங்கிலிகளை இணைக்கும் U வடிவ வளையம்) ஊசி முறிந்திருந்தது. அலைக்கும் நீரோட்டத்துக்கும் கணக்குப் போட்டிருந்தோம், அவை சரியாகவே இருந்தன. "இந்த முனை உறைந்தால் என்ன ஆகும்?" என்று மட்டும் யாரும் கேட்கவில்லை.

அதைச் சரிசெய்ய இரண்டு பருவங்கள் ஆயின. நீர் உள்ளிழுக்கும் வாயில், சிறு துறைமுக வாய், மீன் வளர்ப்புப் பகுதி போன்ற இடங்களில் மரக்கட்டை, குப்பை, வழிதவறும் படகு, மெல்லிய பனிப்பாளம் ஆகியவற்றைத் தடுக்கும் மிதவைத் தொடரை முதன்முறையாக அமைக்கப் போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். எண்ணெய்க் கசிவைத் தடுக்கும் மிதவை வேறு விஷயம். அதில் தடுப்புக்கு நேர்செங்குத்தாக வரும் நீரோட்டம் விநாடிக்கு 0.35 மீட்டரைத் தாண்டினாலே எண்ணெய் அடியில் நழுவிப் போய்விடும். தடுப்பு எவ்வளவு வலுவாக இருந்தாலும் இதில் மாற்றமில்லை.

1. பனிக்கட்டி வந்தால் தடுப்பு என்ன செய்யும் என்பதை முதலில் எழுதுங்கள்

பொருள், விலை, நீளம் எதையும் பேசுவதற்கு முன் ஒரே ஒரு பக்கம் எழுதுங்கள். எதைத் தடுக்க வேண்டும்? எவ்வளவு பெரியது, எவ்வளவு வேகத்தில் வரும்? எத்தனை ஆண்டு நிற்க வேண்டும்? இவற்றை எல்லாரும் எழுதுவார்கள். குளிர்நீரில் நாலாவதாக ஒரு கேள்வி உண்டு, முக்கியமானதும் அதுதான்: பனிப்பாளம் மொத்தமாக வந்து தள்ளினால் தடுப்பு என்ன செய்ய வேண்டும்?

இதற்கு மூன்று பதில்களே உண்டு. எதிர்த்து நிற்கலாம். அமுங்கி, பனியைத் தன்மேல் போகவிட்டு, பிறகு மேலே எழலாம். அல்லது பனி வரும் முன்பே கழற்றிக் கரையேற்றி விடலாம். எதிர்த்து நிற்பது மிகவும் செலவானது, பெரும்பாலான சிறு திட்டங்களுக்கு அது தேவையும் இல்லை. அமெரிக்க-கனடா எல்லையில் உள்ள ஈரி ஏரியிலிருந்து நயாகரா ஆறு புறப்படும் இடத்தில் ஒவ்வோர் ஆண்டும் போடப்படும் பனித்தடுப்பு ஏறத்தாழ 2.7 கிலோமீட்டர் நீளம் கொண்டது. அத்தனை பெரிய தடுப்பே, அழுத்தம் மீறினால் அமுங்கிப் பனியை மேலே போகவிடும்படிதான் அமைக்கப்பட்டிருக்கிறது. வசந்தத்தில் அதைக் கழற்றி எடுத்துவிடுகிறார்கள்.

இந்த ஒரு பக்கத்தில் எல்லாத் தரப்பும் கையெழுத்திட்ட பிறகே அடுத்த படிக்குப் போங்கள். எங்கள் ஒப்பந்தத்தில் "எல்லாப் பருவத்துக்கும் ஏற்றது" என்று ஒரு வரி இருந்தது. பனியை அது எதிர்க்குமா, அமுங்குமா, அகற்றப்படுமா என்பது எங்கும் இல்லை. தடுப்பு உடைந்த பிறகு யார் பொறுப்பு என்ற பேச்சு அந்த வரியிலேயே முட்டி நின்றது.

2. இடத்தை அளந்து கையில் வையுங்கள்

தேவையான ஆவணங்கள் இவை: ஆழ அளவை வரைபடம், நீரோட்டப் பதிவு, காற்று மற்றும் அலைக் கணக்கு, நீர்மட்ட ஏற்ற இறக்கம், கடலடி மண்ணின் தன்மை, பனிப் பதிவு.

நீரோட்டத்தை ஒரு நாள் படகில் போய் அளந்துவிட்டு வராதீர்கள். ஏற்றவற்றம் உள்ள இடத்தில் முழுநிலவு, அமாவாசை இரண்டின் உச்ச ஓட்டமும் பதிவாக வேண்டும். குறைந்தது 30 நாள் கருவி தண்ணீரில் இருக்கட்டும். ஆறு கலக்கும் இடமென்றால் பனி உருகும் வெள்ளக் காலத்தையும் பிடிக்க வேண்டும். அந்த வெள்ளத்தில்தான் மரக்கட்டைகள் வரும்.

ஆற்று வாய்களில் இன்னொன்றையும் கவனியுங்கள். வழக்கமான உப்புள்ள கடல்நீர் சுமார் மைனஸ் 1.9 டிகிரி செல்சியஸில் உறையும். நன்னீர் 0 டிகிரியிலேயே உறைந்துவிடும். ஆற்றுநீர் எடை குறைந்தது என்பதால் மேலடுக்காகப் படர்ந்து நிற்கும். ஆகவே அக்கம்பக்கத்துக் கடல் திறந்து கிடக்கும்போதே உங்கள் தடுப்பைச் சுற்றி மட்டும் பனி கட்டலாம். உப்புத்தன்மையை மேற்பரப்பிலும் அடியிலும் தனித்தனியாக அளக்கச் சொல்லுங்கள். செலவு சொற்பம், பின்னால் தவிர்க்கும் தலைவலி பெரிது.

"50 ஆண்டுக்கு ஒருமுறை வரும் அலை" என்று அறிக்கையில் படித்ததும் நம் காலத்தில் வராது என்று தோன்றும். 10 ஆண்டு நிற்கும் தடுப்பு அந்த அலையை ஒரு முறையாவது சந்திக்கும் வாய்ப்பு சுமார் 18 சதவீதம். 20 ஆண்டு என்றால் மூன்றில் ஒரு பங்கு. எந்த அளவு ஆபத்தை ஏற்கிறீர்கள் என்பதைத் தெரிந்து முடிவு செய்யுங்கள்.

3. விசைக் கணக்கை நீங்களே ஒருமுறை போட்டுப் பாருங்கள்

முழு வடிவமைப்பைப் பொறியாளர்தான் செய்ய வேண்டும். ஆனாலும் அடிப்படைக் கணக்கைக் கையால் ஒருமுறை போட்டவருக்குத்தான் வரைபடத்தில் எங்கே பார்க்க வேண்டும் என்று தெரியும்.

நீரோட்டம் தரும் விசை வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப ஏறும். வேகம் இருமடங்கானால் விசை நான்கு மடங்கு. 100 மீட்டர் இடைவெளி, தண்ணீருக்குள் அரை மீட்டர் இறங்கும் தடுப்பு, விநாடிக்கு 1 மீட்டர் ஓட்டம் என்று வைத்துக்கொள்வோம். இழுவைக் கெழுவை (வடிவத்தைப் பொறுத்து நீர் எவ்வளவு தள்ளும் என்பதைக் காட்டும் எண்) 1.2 எனக் கொண்டால் மீட்டருக்கு ஏறத்தாழ 31 கிலோ விசை, மொத்தம் 3.1 டன். இனி முனைகளில் என்ன இழுவிசை வரும் என்று பாருங்கள். தடுப்பு நீரோட்டத்தில் 20 மீட்டர் வளைந்து தொய்ய இடம் விட்டால் ஒவ்வொரு முனையிலும் சுமார் 2.5 டன். 10 மீட்டர் தொய்வென்றால் 4.2 டன். இறுக்கிக் கட்டி 5 மீட்டர்தான் விட்டீர்கள் என்றால் 8 டன். அதே தண்ணீர், அதே தடுப்பு.

புதிதாகச் செய்கிறவர்கள் அதிகம் விழும் பள்ளம் இதுதான். நேராக, விறைப்பாக நிற்கும் தடுப்பு பார்க்க அழகாக இருக்கும், புகைப்படத்துக்கும் நன்றாக இருக்கும். ஆனால் அது தன் முனைகளைத் தானே அறுத்துக்கொண்டிருக்கிறது. தொய்வு விடுங்கள். இடம் இல்லையென்றால் இடையில் இன்னொரு நங்கூரம் போட்டு இடைவெளியைச் சுருக்குங்கள். நீரோட்டத்துக்குச் சாய்வாகத் தடுப்பைப் போட்டால் குப்பை ஒரு பக்கமாக நழுவிக் கரையோரம் சேரும், அள்ளுவதும் எளிது.

மேலே சொன்ன கணக்கு சுத்தமான தடுப்புக்கு. குப்பை சேர்ந்து ஒரு மீட்டர் ஆழத்துக்குத் தொங்கினால் விசை இருமடங்காகும். அலையின் திடீர் இழுப்பு இதற்கு மேல் தனி. சங்கிலி தளர்ந்து சட்டென்று விறைக்கும் அந்த நொடியில் வரும் விசை, நிலையான விசையைவிடப் பல மடங்கு இருக்கலாம். பொறியாளரிடம் இந்தக் கேள்வியைக் கேளுங்கள்: "திடீர் இழுப்புக்கு என்ன சேர்த்திருக்கிறீர்கள், எங்கே எழுதியிருக்கிறது?"

4. பொருள்: குளிரில் எது எப்படி நடந்துகொள்ளும்

மிதவைக்கு எச்.டி.பி.ஈ. (அடர்த்தி மிக்க பாலித்தீன்) நல்ல தேர்வு. கடுங்குளிரிலும் நெகிழ்வாக இருக்கும், துரு இல்லை, தண்ணீரைவிட எடை குறைவு என்பதால் ஓட்டை விழுந்தாலும் பிளாஸ்டிக் மூழ்காது. அதன் குறை வெப்பத்துக்கு ஏற்ப நீள்வதும் சுருங்குவதும். கோடை வெயிலில் கருப்புக் குழாயை இணைத்து, பனிக்காலத்தில் அது 30 டிகிரி குளிர்ந்தால், 100 மீட்டர் நீளம் கிட்டத்தட்ட அரை மீட்டர் சுருங்கும். அதே நீள எஃகு 4 சென்டிமீட்டர்கூடச் சுருங்காது. எச்.டி.பி.ஈ. குழாய்க்குள் எஃகுக் கம்பியை ஓடவிட்டு இரண்டு முனையிலும் பூட்டிவிட்டால் ஒன்று தொளதொளக்கும், மற்றது இழுபடும். ஒரு முனையாவது சறுக்க வேண்டும்.

உள்ளே நிரப்பும் நுரை மூடிய செல் வகையாக (காற்றறைகள் ஒன்றோடொன்று திறக்காதது) இருக்கட்டும். சாதாரண தெர்மோகோல் மெல்ல மெல்ல நீர் குடிக்கும். குடித்த நீர் உறையும்போது 9 சதவீதம் பெருக்கும், உருகும், மறுபடி உறையும். நுரை பொடிப்பொடியாகும். மிதவையை எடை போட்டு வாங்குங்கள், ஓர் ஆண்டு கழித்து மறுபடி எடை போடுங்கள். எடை ஏறியிருந்தால் உள்ளே தண்ணீர் போயிருக்கிறது.

கீழே தொங்கும் திரைக்கு வழக்கமான பி.வி.சி. பூச்சுத் துணி குளிரில் விறைத்து, மடிப்புகளில் வெடிக்கும். பாலியூரித்தேன் பூச்சு இதைவிடத் தாங்கும். எதுவானாலும் எந்த வெப்பநிலை வரை மடித்துச் சோதித்தார்கள் என்ற சான்றிதழைக் கேளுங்கள். "குளிரைத் தாங்கும்" என்ற விளம்பர வரி சான்றிதழ் ஆகாது.

எஃகில் எழுத்துகளைப் பாருங்கள். எஸ்355 என்ற எஃகுத் தரப் பெயர் வலிமையை மட்டுமே சொல்கிறது. பின்னால் வரும் எழுத்துதான் குளிரைச் சொல்கிறது. ஜே.ஆர். என்றால் மோதல் சோதனை (அடியைத் தாங்குகிறதா என்று பார்ப்பது) 20 டிகிரியில் நடந்தது, ஜே0 என்றால் 0 டிகிரியில், ஜே2 என்றால் மைனஸ் 20 டிகிரியில். மூன்றும் கையில் எடுத்தால் ஒன்றுபோலவே இருக்கும். நீருக்கடியில் இருக்கும் எஃகு மைனஸ் 2 டிகிரிக்குக் கீழே போகாது, ஆனால் நீருக்கு மேலே நிற்கும் தூண், கரைக்கொக்கி, ஷேக்கிள் ஆகியவை காற்றின் குளிரை அப்படியே வாங்கும். அவற்றுக்குத் தனியாகத் தரம் குறிப்பிடுங்கள். ஒவ்வொரு தொகுதிக்கும் இ.என். 10204 வகை 3.1 சான்றிதழ் (அந்தப் பொருளின் சோதனை முடிவுகளைக் காட்டும் தயாரிப்பாளர் சான்று) கேட்டு வாங்குங்கள். பொருள் வந்திறங்கிய பிறகு கேட்டால் கிடைக்காது. ஆர்டரிலேயே எழுத வேண்டும்.

துருப்பிடிக்காத எஃகு ஷேக்கிளைத் துத்தநாகம் பூசிய சங்கிலியில் மாட்டாதீர்கள். கடல்நீரில் இரண்டும் சேர்ந்தால் சங்கிலியின் துத்தநாகம் முதலில் கரையும், அடுத்து அந்த வளையத்தின் எஃகு கரையும். முழுவதும் ஒரே குடும்பமாக இருக்கட்டும்.

கயிறு என்றால் நைலான் ஈரத்தில் வலுவிழக்கும், உறைந்தால் கம்பிபோல் விறைக்கும். பாலியஸ்டர் மேல். எந்தக் கயிறும் நீர்மட்டக் கோட்டில் இருக்க வேண்டாம், அங்கே பனித்துகள்கள் இழைகளுக்குள் புகுந்து அறுக்கும். அந்த இடத்தில் சங்கிலி போடுங்கள். அப்புறம், நைலான் கேபிள் டை குளிரில் படக்கென்று ஒடியும். எதையும் அதனால் நிரந்தரமாகக் கட்டாதீர்கள்.

5. முனைகளும் இணைப்புகளும்

மிதவைகள் அரிதாகவே கெடும். கெடுவது இணைப்பு. வடிவமைப்பாளர் தரும் வரைபடத்தில் மிதவைக்கு மூன்று முழுத் தாள்களும் முனை இணைப்புக்கு ஒரு தாளின் மூலையும் ஒதுக்கியிருந்தால் திருப்பி அனுப்புங்கள்.

ஏற்றவற்றம் உள்ள இடத்தில் செங்குத்துத் தண்டவாளமும் சறுக்கியும் வழக்கமான தீர்வு. குளிர்நீரில் அதற்கு மூன்று திருத்தம் தேவை. சறுக்கிக்கும் தண்டவாளத்துக்கும் இடையே நல்ல இடைவெளி விடுங்கள், நெருக்கமாகப் பொருந்தும் சறுக்கிதான் முதலில் உறையும். உராயும் பரப்பில் பனி எளிதில் பிடிக்காத பாலித்தீன் பட்டை ஒட்டுங்கள். தண்டவாளம் திறந்த வடிவமாக இருக்கட்டும், தண்ணீர் தேங்கும் குழிகள் வேண்டாம். இதெல்லாம் செய்தாலும் ஒரு நாள் உறையும் என்று எண்ணியே முனையில் ஒரு முறி இணைப்பு வையுங்கள். குறித்த விசையில் அது மட்டும் விட்டுக்கொடுக்கும், பின்னால் ஒரு தளர்ந்த சங்கிலி தடுப்பைப் பிடித்துக்கொள்ளும். இப்போது எங்களிடம் இருப்பது இதுதான். சாத்தியமானால் தண்டவாளமே வேண்டாம். கரையிலிருந்து சற்றுத் தள்ளி நங்கூரமிட்ட மிதவையில் முனையைக் கட்டி, கரைக்கும் அதற்கும் இடையே தொய்வான தொடர் விடுவது இன்னும் நல்லது.

எந்தக் குழாயிலும், எந்தப் பெட்டியிலும் கீழே வடிகால் துளை போடச் சொல்லுங்கள், அல்லது முழுவதுமாக அடைத்து வெல்டிங் செய்யச் சொல்லுங்கள். பாதி மூடிய பொந்து ஆகவே ஆகாது.

ஷேக்கிள் ஊசிகள் அலையின் அதிர்வில் தாமாகவே கழன்று வரும். போல்ட், நட், பிளவு ஊசி மூன்றும் உள்ள வகையே வாங்குங்கள். திருகு ஊசியை வெறுங்கையால் இறுக்கிவிட்டுப் போவதைப் பார்த்தால் வேலையை நிறுத்துங்கள்.

6. பனி ஏறும் எடைக்கு மிதப்பு மிச்சம் வையுங்கள்

காற்று மைனஸ் 2 டிகிரிக்குக் கீழே போய், பலத்த காற்றும் சேர்ந்தால், தெறிக்கும் கடல்நீர் பட்ட இடத்தில் உறையும். 400 மி.மீ. குழாயின் மேற்பாதியில் 25 மி.மீ. தடிப்புக்குப் பனி ஏறினால் மீட்டருக்கு ஏறத்தாழ 14 கிலோ. 100 மீட்டருக்கு 1.4 டன். இது வெறும் குழாய்க்கு. மேலே கம்பிவலையும் கைப்பிடியும் வைத்தால் ஒவ்வொரு கம்பியும் தனித்தனியாகப் பனி சுமக்கும். மேற்பகுதி பளு ஏறினால் மிதவை புரளும், திரை மேலே வந்துவிடும். நீருக்கு மேலே தேவையில்லாத எதையும் வைக்காதீர்கள். கோடையில் ஒட்டும் சிப்பிகளின் எடையையும் இதனோடு கூட்டுங்கள்.

7. நங்கூரம்

கான்கிரீட் கட்டியின் எடையை நிலத்தில் பார்த்து ஏமாறாதீர்கள். 1 டன் கட்டி கடல்நீரில் சுமார் 570 கிலோதான். பக்கவாட்டில் அது தாங்குவது அதிலும் குறைவு. மணலா, களிமண்ணா, பாறையா என்பதைப் பொறுத்து இழுவை நங்கூரமோ (இழுபட்டுக் கடலடியில் புதைவது) திருகுத்தூணோ (மண்ணுக்குள் திருகி இறக்குவது) மலிவாக முடியலாம். அதனால்தான் 2-ஆம் படியில் மண் சோதனையைக் கேட்டேன். எந்த வகையானாலும் போட்ட பிறகு இழுத்துச் சோதித்து, எவ்வளவு விசையில் எத்தனை நிமிடம் நின்றது என்று எழுதி வாங்குங்கள். சங்கிலி நீளத்தைச் சராசரி ஆழத்துக்குக் கணக்கிடாமல், புயல் ஏற்றத்தோடு கூடிய உச்ச நீர்மட்டத்துக்குக் கணக்கிடுங்கள். கரையில் ஏற்றவற்றப் பகுதியில் நிற்கும் கான்கிரீட், காற்றுக்குமிழ் சேர்த்த கலவையாக இருக்க வேண்டும். இல்லையென்றால் உறைந்து உருகியே உதிரும்.

8. அனுமதிகள்

நேரம் தின்னும் படி இதுதான். வடிவமைப்பு முடியட்டும் என்று காத்திருக்காமல் முதல் வரைவுப்படம் கைக்கு வந்ததுமே தொடங்குங்கள். கடலடி நிலத்தின் உரிமையாளர் ஒப்புதல், கடல் போக்குவரத்து அதிகாரியின் அனுமதி, சுற்றுச்சூழல் அனுமதி ஆகிய மூன்றும் ஏறக்குறைய எல்லா நாட்டிலும் ஏதோ ஒரு பெயரில் இருக்கும். மீன் வழிப்போக்கு, கடல்நாய் போன்ற உயிரினங்கள் வலையில் சிக்குமா என்ற கேள்விகள் கட்டாயம் வரும். பதிலைத் திரையின் ஆழத்தோடும் கண்ணி அளவோடும் எழுதித் தயாராக வையுங்கள். ஆயுள் முடிந்ததும் எப்படி அகற்றுவீர்கள், செலவு யாருடையது என்ற திட்டத்தையும் கேட்பார்கள்.

சர்வதேசக் கடல் அடையாள முறையில் சிறப்பு அடையாளம் (தனிப் பகுதி அல்லது அமைப்பைக் குறிப்பது) மஞ்சள் நிறம், விளக்கும் மஞ்சள். நிறம், மின்னும் ஒழுங்கு இரண்டையும் அதிகாரியிடம் எழுத்தில் வாங்குங்கள். பனிக்காலத்தில் பகல் குறுகும், சூரியத்தகட்டில் பனி மூடும், பேட்டரியின் கொள்ளளவும் குளிரில் குறையும். விளக்கு விற்பவர் சொல்லும் இயங்குநாள் கணக்கு எந்த மாதத்துக்கானது என்று கேளுங்கள்.

9. செலவு

கோட்டேஷனில் "தடுப்பு, மீட்டருக்கு இவ்வளவு" என்ற வரியை வைத்து முடிவெடுக்காதீர்கள். எங்கள் திட்டத்தில் நங்கூரம், பணிப்படகு, முக்குளிப்பவர், சோதனை எல்லாம் சேர்ந்து மிதவையின் விலையைத் தாண்டின. ஒவ்வொருவரிடமும் ஒரே பட்டியலைக் கொடுத்து இந்த வரிகளைத் தனித்தனியாக விலை போடச் சொல்லுங்கள்: மிதவை, இணைப்பு உலோகம், நங்கூரமும் இழுவைச் சோதனையும், படகு நாள் வாடகை, வானிலை மோசமானால் காத்திருக்கும் நாளுக்கு வாடகை, ஆண்டு ஆய்வு, உதிரிப் பொருள், அகற்றும் செலவு. காத்திருப்பு வாடகையை விட்டுவிட்டால் குறைந்த விலைக்காரர்தான் கடைசியில் அதிக விலைக்காரர் ஆவார். காப்பீட்டு நிறுவனத்திடம் வரைபடத்தை முன்கூட்டியே காட்டி, பனியால் வரும் சேதம் சேருமா என்று எழுத்தில் கேளுங்கள்.

10. எப்போது போடுவது

கோடையின் முடிவு சிறந்த காலம். ஒரு மாதமாவது திறந்த நீரில் நின்று, தளர்ந்தவற்றை இறுக்கி, பிறகு பனியைச் சந்திக்கட்டும். பருவந்தோறும் போட்டு எடுக்கும் தடுப்பென்றால் நாட்காட்டியோடு நீரின் வெப்பநிலையையும் பாருங்கள். நயாகராவில் நீர் 4 டிகிரி செல்சியஸுக்கு இறங்கியதும் அல்லது டிசம்பர் 16 வந்ததும், எது முதலோ அப்போது வேலையைத் தொடங்கலாம் என்பது விதி. பின்னோக்கி எண்ணினால், நீரோட்டப் பதிவு முந்தைய ஆண்டே தொடங்கியிருக்க வேண்டும்.

குளிர்நீரில் விழுந்தவருக்கு முதல் ஒரு நிமிடம் மூச்சுத் திணறும். அடுத்த சுமார் 10 நிமிடம்தான் கைகால் சொன்னபடி கேட்கும். உடல் வெப்பம் ஆபத்தாகக் குறைய ஏறத்தாழ ஒரு மணி நேரம் ஆகும். ஆகவே நீரோரம் வேலை செய்யும் ஒவ்வொருவருக்கும் உயிர்காப்பு அங்கி கட்டாயம், மீட்புப் படகு 10 நிமிடத்துக்குள் எட்டும் தூரத்தில் நிற்க வேண்டும். இதை ஒப்பந்தத்தில் எழுதுங்கள், நேரில் போயும் பாருங்கள். தடிமனான கையுறையோடு மாட்ட முடியாத ஷேக்கிளை வரைபடத்திலேயே நீக்குங்கள். கையுறையைக் கழற்ற வைக்கும் எந்த இணைப்பும் ஒருவரின் விரலைக் கேட்கிறது.

11. போட்ட பிறகு

முதல் பலத்த காற்றுக்கு அடுத்த நாள் போய்ப் பாருங்கள், முதல் உறைவுக்கு அடுத்த நாளும். பனி உருகிய வாரத்தில் முழு ஆய்வு. சங்கிலியில் அதிகம் தேய்வது கடலடியைத் தொட்டு எழும் இடமும் மிதவைக்குக் கீழே உள்ள முதல் சில வளையங்களும். வெர்னியர் கொண்டு விட்டத்தை அளந்து குறியுங்கள். கப்பல் நங்கூரச் சங்கிலிக்கு விட்டம் 12 சதவீதம் தேய்ந்தால் மாற்ற வேண்டும் என்பது கப்பல்களைச் சோதித்துத் தரச்சான்று தரும் வகைப்பாட்டுச் சங்கங்களின் அளவு. தடுப்புக்கும் குறைந்தபட்சம் அதையே கடைப்பிடியுங்கள். தியாக உலோகக் கட்டிகளையும் (எஃகுக்குப் பதிலாகத் தாம் கரைபவை) பாருங்கள்: கடலில் துத்தநாகம், உப்புக் குறைந்த நீரில் அலுமினியம், நன்னீரில் மெக்னீசியம்.

ஒவ்வொரு வகை ஷேக்கிளிலும் இரண்டு, முறி இணைப்பில் நான்கு, ஒரு முழு மிதவை, 20 மீட்டர் சங்கிலி ஆகியவற்றைத் தடுப்புக்குப் பக்கத்திலேயே, பூட்டு உறையாத பெட்டியில் வைத்திருங்கள். பெட்டியின் மூடிக்கு உட்புறம் வரைபடத்தை ஒட்டி, எந்த உதிரி எந்த இடத்துக்கு என்று பெயிண்டால் எண் போடுங்கள். பழுதென்று தகவல் வருவது பெரும்பாலும் இருட்டில்தான். அந்த நேரத்தில் எண்ணைப் பார்த்து எடுத்துக்கொண்டு படகில் ஏற முடிய வேண்டும்.